பாதி பாய், பாதி மோட்டார்: எந்தப் பாதி உங்களுக்கு?

அமெரிக்காவில் படகு வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், படகு விலையை விட அதை நிறுத்திவைக்கும் வாடகையைப் பற்றித்தான் அதிகம் புலம்புவார்கள். மெரினா எனப்படும் படகுத்துறையில் படகின் நீளத்தை அளந்து, அடிக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வாங்கிவிடுவார்கள். படகு ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை ஓடும். அதனால்தான் வீட்டு வாசலில் டிரெய்லர் மேல் நிறுத்தி, சனிக்கிழமை காலையில் காரில் மாட்டி இழுத்துப்போய்த் தண்ணீரில் இறக்கும் படகுகளுக்கு அங்கே தனி மவுசு. அதிலும் காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் மோட்டார், இரண்டும் உருப்படியாக வேண்டும் என்று கேட்பவர்களுக்கான ரகம்தான் மோட்டார் செய்லர்.

பழைய மோட்டார் செய்லர்கள் வேறு மாதிரி. பிரிட்டனின் ஃபிஷர் 25 நல்ல உதாரணம். மூடிய ஓட்டுநர் அறை, உள்ளே டீசல் எஞ்சின், கனத்த அடிப்பாகம். வடகடல் குளிரிலும் நம்பிப் போகலாம். ஆனால் எடை நான்கரை டன்னைத் தொடும். அதைக் காரில் இழுப்பது நடக்காத காரியம். 

இழுக்கும்படியாகச் செய்ய வேண்டுமானால் எடையைக் குறைக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பாய்மரப் படகு காற்றில் கவிழாமல் இருக்க அடியில் பாரம் வேண்டும். கனமான படகோ தண்ணீரைப் பிளந்துகொண்டுதான் போகும். அதன் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட் கணக்கில் கிடைக்கும். 23 அடிக்குச் சுமார் 6.4 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். சைக்கிள் வேகம். இதைத் தாண்ட வேண்டுமானால் படகு தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதற்குத் தட்டையான அடிப்பாகமும் குறைந்த எடையும் வேண்டும். பாய்க்குத் தேவையானது மோட்டாருக்கு ஆகாது. மோட்டாருக்குத் தேவையானது பாய்க்கு ஆகாது.

கலிஃபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் படகு கட்டிய ரோஜர் மேக்ரெகர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது வகுப்புக்காகத் தொடங்கிய திட்டத்தையே 1960களில் தொழிலாக்கியவர் அவர். பாரத்துக்கு ஈயமோ இரும்போ வைக்காமல், படகின் அடியில் ஒரு தொட்டி அமைத்துத் தண்ணீரையே பாரமாக்கினார். பாய் விரிக்கும்போது வால்வைத் திறந்தால் ஏரித் தண்ணீரே உள்ளே வந்து நிரம்பும். மோட்டாரில் வேகமாகப் போக வேண்டுமானால், வால்வைத் திறந்துவிட்டு வேகம் எடுத்தால் தண்ணீர் பின்பக்கமாக வெளியேறிவிடும். சாலையில் அந்தப் பாரத்தைக் கார் இழுக்கத் தேவையில்லை. 1990களின் நடுவில் வந்த 26எக்ஸ் மாடலில் பின்பக்கம் 50 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் மாட்டி, தொட்டியைக் காலி செய்து முடுக்கினால் மணிக்கு 20 மைல் போகும். பாய்மரப் படகுக்காரர்கள் முகம் சுளித்தார்கள், வாங்கியவர்கள் கவலைப்படவில்லை.

2003இல் வந்த 26எம், அதே யோசனையின் திருத்திய பதிப்பு. 26எக்ஸில் பாரம் முழுக்கத் தண்ணீர். 26எம்மில் சுமார் 520 கிலோ தண்ணீரோடு, நிரந்தரமாகவே 136 கிலோ பாரம் உண்டு. அடிப்பாகம் சற்றுக் கூர்மையானது. சின்ன அலைகளில் தடதடவென்று அடிப்பது குறைவு. காற்றுக்குத் தக்கபடி பாய்மரமும் திரும்பிக்கொடுக்கும். ஒரே ஒரு விஷயத்தில் எனக்குப் பழையதுதான் பிடிக்கும். படகு பக்கவாட்டில் நழுவாமல் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகை, 26எக்ஸில் கீல் வைத்தது. தரை தட்டினால் தானாக மடங்கிக்கொள்ளும். 26எம்மின் பலகை நேராக மேலும் கீழும் போவது. வேகத்தில் பாறையில் மோதினால் செலவுதான். ஆழம் தெரியாத ஏரிகளில் சுற்றுபவர் இதை யோசிக்க வேண்டும்.

மேக்ரெகரின் வெற்றியைப் பார்த்து, ஃப்ளோரிடாவின் ஹண்டர் நிறுவனம் எட்ஜ் என்ற 27 அடிப் படகை இறக்கியது. இதிலும் தண்ணீர்ப் பாரம்தான். மோட்டார் 75 குதிரைத்திறன் வரை. உள்ளே இடம் தாராளம். ஆனால் எடையும் கூடுதல். சாதாரணக் காரை மறந்துவிட்டுப் பெரிய பிக்கப் வண்டியைத் தேட வேண்டும். டிரெய்லர் படகின் முழு லாபமே நினைத்தபோது இழுத்துப் போவதில்தானே இருக்கிறது?

இவற்றுக்கு நேர்மாறானது நிம்பிள் நோமட். டெட் ப்ரூவர் வடிவமைத்த இருபத்துநாலரை அடிப் படகு. மழையிலும் குளிரிலும் உள்ளே உட்கார்ந்து ஓட்டலாம். வேகத்துக்காகச் செய்ததல்ல, நிதானமாக ஆற்றிலும் கால்வாயிலும் ஊர்ந்துபோக ஏற்றது. பாய் சின்னது, காற்று பின்னாலிருந்து வந்தால் எரிபொருளை மிச்சப்படுத்தும், பக்க அலையில் உருளாமல் பிடிக்கும், அவ்வளவுதான். மோட்டார் செய்லர் வாங்கும் பலர் உண்மையில் பெரும்பாலான நேரம் மோட்டாரில்தான் போகிறார்கள். அதை மறைக்காமல் ஒப்புக்கொண்ட படகு இது. சந்தையில் கிடைப்பதுதான் அரிது.

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது வேகம். நான் முதலில் பார்க்கச் சொல்வது தண்ணீர்த் தொட்டியை. தொட்டி முழுக்க நிரம்பியிருந்தால்தான் தண்ணீர்ப் பாரப் படகுகள் சாய்ந்தாலும் தானாக நிமிரும். காலியாக இருந்தால் நிமிராமல் கவிழ்ந்துவிடலாம். தொட்டி காலியாக ஓட்டும்போது பாய் விரிக்கக் கூடாது, ஆட்களைக் குறைக்க வேண்டும் என்று மேக்ரெகர் நிறுவனத்தின் கையேடே எச்சரிக்கிறது. 2002 ஜூலை 4 அன்று வெர்மான்ட் மாநிலத்தின் சாம்ப்ளெய்ன் ஏரியில், தொட்டி காலியாக, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிப் போன ஒரு மேக்ரெகர் படகு கவிழ்ந்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அமெரிக்காவில் 20 அடிக்குட்பட்ட மோட்டார் படகுகளில் எத்தனை பேர் ஏறலாம் என்ற பலகை கட்டாயம். பாய்மரப் படகுகளுக்கு அந்த விதி இல்லை. எண்ணிக்கையை நீங்கள்தான் கணக்கு வைக்க வேண்டும்.

அடுத்தது கார். வெறும் 26எம்மின் எடை சுமார் 1,150 கிலோ. மோட்டார், டிரெய்லர், பெட்ரோல், நங்கூரம், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் ஏறினால் 1,800 கிலோவைத் தாண்டிவிடும். நிறுவனம் சொல்லும் எடையை நம்பாமல், எல்லாவற்றையும் ஏற்றி எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அகலம் எட்டரை அடிக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டியதில்லை. இந்த ரகங்கள் அந்த வரம்பை மனத்தில் வைத்தே கட்டப்பட்டவை. 

பெட்ரோல் கணக்கை யாரும் சொல்லித் தருவதில்லை. முழு வேகத்தில் மோட்டாரின் குதிரைத்திறனைப் பத்தால் வகுத்தால், மணிக்கு எத்தனை கேலன் குடிக்கும் என்று ஏறக்குறைய தெரியும். 50 என்றால் 5 கேலன், சுமார் 19 லிட்டர். வேகத்தைக் குறைத்து 6 நாட்டில் போனால் அதில் சிறு பங்குதான் ஆகும். அந்த 20 மைல் வேகம் மழை துரத்தும்போது கரை சேரத்தான். நாள் முழுக்க ஓட்ட அல்ல.

பாய்மரத்தை நிமிர்த்துவது இன்னொரு வேலை. விளம்பரத்தில் ஒருவரே சில நிமிடங்களில் தூக்கிவிடுவார். கயிறு, பாய், சுக்கான் எல்லாம் பூட்டித் தயாராவதற்குள் புதியவருக்கு ஒரு மணி நேரமாவது போய்விடும். தூக்குமுன் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியப் பாய்மரம் கம்பியில் பட்டு இறந்தவர்கள் உண்டு.

இவ்வளவு சொன்னாலும் இந்தப் படகுகளின் கவர்ச்சி பொய்யல்ல. காற்றை எதிர்த்து மணிக்கு 55 மைல் வேகத்தில் போகும் ஒரே பாய்மரப் படகு டிரெய்லர் படகுதான் என்று இவற்றை வைத்திருப்பவர்கள் கேலியாகச் சொல்வார்கள். இந்த மாதம் யூட்டாவின் பவல் ஏரி, அடுத்த விடுமுறைக்கு வாஷிங்டன் மாநிலத்தின் சான் வான் தீவுகள். பெரிய படகுக்காரருக்கு இது கனவு.

மேக்ரெகர் 2013இல் கடையை மூடினார். மகளும் மருமகனும் ஃப்ளோரிடாவில் டாட்டூ என்ற பெயரில் தொழிலைத் தொடர்ந்தார்கள். என்றாலும் கைக்கு வருவது பெரும்பாலும் பழைய படகுதான். பாய் ஓட்டுவதில் ஆசை உள்ள, குடும்பத்தோடு ஏரியில் தங்கப் போகிறவருக்கு என் வாக்கு 26எம்முக்கு. கையில் காசு குறைவு, ஆழமில்லாத கரைகளில் சுற்ற வேண்டும் என்றால் 26எக்ஸ். பாயைப் பெயருக்குத்தான் விரிப்பேன் என்பவர் நோமட்டுக்காகக் காத்திருக்கலாம். எதுவானாலும், முதலில் டிரெய்லரைப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் இறங்கிய டிரெய்லரின் பிரேக்கும் அச்சும்தான் முதலில் துருப்பிடிக்கும். பிறகு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விற்பவரைப் படகைத் தண்ணீரில் இறக்கச் சொல்லுங்கள். தொட்டியை நிரப்பி, வால்வை மூடி, அது ஒழுகாமல் நிற்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பேரத்தைத் தொடங்குங்கள்.