சாவு வீட்டு மெட்டில் காதல் தோல்வி
(மெட்ராஸ் மெட்டு: 14)

மேனாம்பேட்டில் ஒரு சாவு என்றால், பந்தல்காரருக்கும் ஐஸ் பெட்டிக்கும் சொல்லிவிட்ட கையோடு கானா பார்ட்டிக்கும் யாராவது போன் போட்டுவிடுவார்கள். ராத்திரி மைக் கட்டியதும் பாடகர் எடுத்த எடுப்பில் பாடிவிட மாட்டார். வீட்டு மருமகனை ஓரமாகக் கூப்பிட்டு, செத்தவர் பெயர், அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தக் கம்பெனி, பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வார். விடிவதற்குள் அத்தனை பெயரும் பாட்டில் வந்தாக வேண்டும். ஒரு பேத்தி விட்டுப்போனாலும் சுடுகாடு வரைக்கும் பேச்சு போகும்.

நடுராத்திரிக்கு மேல் கூட்டம் தூங்கி வழியும். அப்போதுதான் பாடகர் செத்தவரையே கிண்டல் செய்ய ஆரம்பிப்பார். அவர் பிடித்த பீடி, மாமியாரோடு போட்ட சண்டை எல்லாம் வரும். தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். அடுத்த அடியிலேயே திரும்ப அழ வைப்பார். மெட்டு மாறியிருக்காது.

இந்தக் கலை ஊறிய வட சென்னையில், புளியந்தோப்பில் வளர்ந்தவர் பாலமுருகன். சிறு வயதிலேயே பெற்றோரைப் பறிகொடுத்ததால் ‘அநாதை பாலா’ என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்தார். சட்டம் படித்தவர். 2006, 2011 மாநகராட்சித் தேர்தல்களில் சுயேச்சையாக நின்று தோற்றவர். 2007-ல் ‘பிறகு’ படத்தில் பாடினார். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

சினிமாவுக்குள் கானா அதற்கு முன்பே வந்துவிட்டது. தொண்ணூறுகளில் தேவா கொண்டுவந்தார். 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் பாடிய வாள மீன் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. ஆனாலும் படத்தில் கானா என்றால் ஒரு குத்து, ஒரு கூத்து, அவ்வளவுதான்.

அதை மாற்றியது நம்ம பக்கத்துப் பையன். ஆவடிக்கு அருகே கரலப்பாக்கத்துக்காரரான பா. ரஞ்சித்தின் முதல் படம் ‘அட்டகத்தி’, 2012 ஆகஸ்ட் 15-ல் வந்தது. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனுக்கும் அதுதான் முதல் படம். ‘ஆடி போனா ஆவணி’, ‘நடுக்கடலுல கப்பல’ இரண்டையும் பாலாவே எழுதிப் பாடினார். கதாநாயகன் தினகரனுக்குக் காதல் தோற்றாலும் சோகம் ஒழுங்காக வந்து தொலையாது, வரவழைக்க மெனக்கெடுவான். அவனுக்கு மெல்லிசைச் சோகம் போட்டிருந்தால் படமே பொய்யாகியிருக்கும். அழுகையையும் நக்கலையும் ஒரே மூச்சில் பாடத் தெரிந்த சாவு வீட்டுக் குரல்தான் பொருந்தியது.

‘நடுக்கடலுல’ பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். வரிசையாகக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ‘முடியாது’ என்ற பதிலைத் தவிர வேறு வழியில்லை. ஒருதலைக் காதலனைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை நடக்கிறது. வக்கீல் படிப்பு வீண் போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வருஷமே ‘சூது கவ்வும்’ படத்தின் ‘காசு பணம்’ கல்யாண மண்டபங்களை எல்லாம் பிடித்துக்கொண்டது. கொண்டாட்டத்துக்கு நல்ல பாட்டுதான். எனக்கென்னவோ அதில் பாலா பாதிதான் இருக்கிறார். முழு பாலா 2014-ல் ‘மெட்ராஸ்’ படத்தில் கிடைத்தார். கதாநாயகனின் நண்பன் அன்பு கொலையாகிக் கிடக்கும்போது வருகிற ‘இறந்திடவா நீ பிறந்தாய்’ பாட்டு. தலைப்பே ஒரு கேள்வி. பதில் சொல்ல வேண்டியவன் பிணமாகக் கிடக்கிறான். குத்துப் பாட்டாக மட்டுமே கானாவைத் தெரிந்துவைத்திருந்த தியேட்டர்கள் அன்றைக்கு மரண கானாவைக் கேட்டன.

சாவு வீட்டு மைக் பெரும்பாலும் ஆண்கள் கையில்தான் இருந்தது. 2018 ஜனவரியில் ரஞ்சித் முன்னெடுத்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு சென்னையில் மேடையேறியபோது அதில் ராயபுரத்துப் பெண் ஒருவரும் நின்றார். இரண்டே வருஷத்தில், 2020-ல், பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. இசைவாணியைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)