16.25 கோடி பெஞ்சில், 50 லட்சம் கிரீஸில்: உங்க சம்பளத்துக்கு யார் செலக்டர்?

2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை ராத்திரி. சேப்பாக்கம் பறக்கும் ரயில் ஸ்டேஷன் முழுக்க மஞ்சள் சட்டை, ஆனா யாரும் வாயைத் திறக்கல. சிஎஸ்கே 20 ஓவர்ல 9 விக்கெட் இழந்து 103. கொல்கத்தா அதை 10.1 ஓவர்லயே அடிச்சு முடிச்சுட்டாங்க. டிக்கெட் காசுல பாதி மேட்ச்தான் பார்த்தோம்.

ரயில் திருவல்லிக்கேணியைத் தாண்டினதும் பஞ்சாயத்து ஆரம்பிச்சது.

"ஏலத்துலயே தோத்துட்டோம் ப்ரோ. அஸ்வினுக்கு 9.75 கோடியா? அந்தக் காசுல ஒரு நல்ல மிடில் ஆர்டர் பேட்ஸ்மேனை எடுத்திருக்கலாம்."

"அவர் நம்ம வெஸ்ட் மாம்பலத்துக்காரர்டா. அவரை எப்படி விடுறது?"

"அதெல்லாம் விடு. அவ்வளவு காசு கொடுத்து எடுத்தாச்சு, இப்போ பெஞ்சுல உட்கார வைக்க முடியுமா?"

திருமயிலையில இறங்கி லஸ் பக்கம் நடக்கும்போதும் அந்தக் கடைசிக் கேள்வி என் காதுலயே இருந்தது. ஏன்னா அதே கேள்வியை நான் கிரிக்கெட்டுக்காக இல்ல, என் சம்பளத்துக்காகக் கேட்டிருக்கேன். அப்படிக் கேட்டதுக்கு 96,000 ரூபாய் விலையும் கொடுத்திருக்கேன். அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன். முதல்ல டீம் செலக்‌ஷன் பேசலாம். நம்ம ஊர்ல அது இல்லாம எந்தப் பேச்சும் ஆரம்பிக்காது.

ஏலம் வேற, லெவன் வேற

ஐபிஎல்ல ஒவ்வொரு அணிக்கும் ஒரு பர்ஸ் உண்டு. 2025 சீசனுக்கு அது 120 கோடி. அதுக்குள்ள குறைஞ்சது 18 பேர், அதிகபட்சம் 25 பேர். வெளிநாட்டு வீரர்கள் 8 பேருக்கு மேல கூடாது, அதுலயும் களத்துல 4 பேர்தான்.

இதுல ரெண்டு தனித்தனி முடிவு இருக்கு. யாரை என்ன விலைக்கு வாங்குறதுன்னு ஏலத்தன்னைக்கு ஒரு முடிவு. இன்னைக்கு யார் ஆடணும்னு மேட்ச் அன்னைக்கு இன்னொரு முடிவு. ரசிகர்கள் சண்டை பெரும்பாலும் இந்த ரெண்டையும் ஒண்ணாக் கலக்குறதாலதான் வருது. வாங்கின விலை முதல் முடிவோட போச்சு. வீரர் ஆடினாலும் ஆடலைன்னாலும் பர்ஸ்ல இருந்து அந்தக் காசு போனது போனதுதான். ரெண்டாவது முடிவுல அதுக்கு வேலையே இல்ல.

சொல்றது சுலபம். செஞ்சு காட்டின ஒரு அணி இருக்கு, அது நம்ம அணிதான்.

2021 ஏலத்துல சிஎஸ்கே அதிக விலை கொடுத்து எடுத்தது கிருஷ்ணப்பா கௌதமை, 9.25 கோடிக்கு. அந்த சீசன்ல அவர் ஒரு மேட்ச் கூட ஆடல. அணி கப் ஜெயிச்சது.

2023 சீசனுக்கு அதிக விலை பென் ஸ்டோக்ஸுக்கு, 16.25 கோடி. ரெண்டே மேட்ச், மொத்தம் 15 ரன். அப்புறம் கால்ல காயம். அதே சமயம், வேற எந்த அணியும் கை தூக்காததால அஜிங்க்யா ரஹானே அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு வந்திருந்தார். ஸ்டோக்ஸும் மொயீன் அலியும் ஆட முடியாத நிலையில வான்கடேல அவருக்கு வாய்ப்பு கிடைச்சது. 27 பந்துல 61. அந்த சீசன் முழுக்க 326 ரன், ஸ்ட்ரைக் ரேட் 172. ஸ்டோக்ஸ் தேறி வந்த பிறகும், ஜெயிச்சுட்டிருந்த லெவனைக் கலைச்சு அவரை உள்ள திணிக்கல. அந்த வருஷமும் கப் நம்மகிட்ட.

கவனிங்க. 2021, 2023, ரெண்டு கப்லயும் அந்த ஏலத்துல நாம அதிக விலை கொடுத்தவர் ஃபைனல்ல களத்துக்கு வெளியில. "16.25 கோடி கொடுத்தாச்சே"ன்னு யோசிச்சிருந்தா நாலு வெளிநாட்டு இடத்துல ஒண்ணு போயிருக்கும். காசு ஏற்கனவே போச்சு, கூடவே ஒரு இடமும் போயிருக்கும்.

பொறுமைக்கும் பிடிவாதத்துக்கும் என்ன வித்தியாசம்?

"அப்போ சரியா ஆடாதவனை உடனே தூக்கிடணுமா?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும். இல்ல.

2018 ஃபைனல். ஷேன் வாட்சன் முதல் 10 பந்துல ஒரு ரன் கூட எடுக்கல. எத்தனை வீட்ல அன்னைக்கு டிவி ரிமோட் பறந்ததோ! கடைசியில 57 பந்துல 117 நாட் அவுட். ஆனா அங்க நம்பிக்கை வைக்கக் காரணம் இருந்தது. அதே சீசன்ல ராஜஸ்தானுக்கு எதிரா 106 அடிச்சவர். ஓப்பனிங்ல நின்னு பெரிய ஸ்கோர் எடுக்கிறதுதான் அவர் வேலை, அந்த வேலை அன்னைக்கும் மிச்சம் இருந்தது.

இப்போ 2020-க்கு வாங்க. 2018-ல 7.8 கோடிக்கு எடுத்த கேதார் ஜாதவ் 8 மேட்ச் ஆடி 62 ரன் எடுத்தார். 20 லட்சத்துக்கு எடுத்த ருதுராஜ் கெய்க்வாட் முதல் மூணு மேட்ச்ல 0, 5, 0. இளம் வீரர்கள்கிட்ட அந்த 'ஸ்பார்க்' தெரியலன்னு தோனி சொன்னதுக்கு ஊரே கொந்தளிச்சது. சீசன் கைவிட்டுப் போன பிறகு ருதுராஜுக்குத் தொடர்ந்து இடம் கொடுத்தாங்க. 65 நாட் அவுட், 72, 62 நாட் அவுட். அடுத்த வருஷம் 635 ரன், ஆரஞ்சு கேப்.

மூணு பேருமே ஏதோ ஒரு கட்டத்துல சொதப்பினவங்கதான். வித்தியாசம் இதுதான்: "இவரை எதுக்கு எடுத்தோம், அந்தக் காரணம் இன்னும் உயிரோட இருக்கா?" இருந்தா காத்திருக்கிறது பொறுமை. காரணம் செத்துப்போயும் விலைக்காகவோ பேருக்காகவோ வெச்சிருந்தா அது பிடிவாதம்.

உங்க மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி ஒரு வருஷமா சிவப்புல இருக்கா? பத்து வருஷ இலக்குக்குப் போட்டது, ஃபண்ட் தன் வேலையை மாத்தல, உங்க இலக்கும் மாறலன்னா நிறுத்தக் காரணம் இல்ல. அது வாட்சனோட முதல் பத்து பந்து. ஆனா ஆபீஸ்ல யாரோ சொன்னாங்கன்னு வாங்கின ஒரு பங்கு பாதியா விழுந்து, "வாங்கின விலை வந்ததும் வித்துடுவேன்"னு ரெண்டு வருஷமா காத்திருக்கீங்களா? நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு அந்தப் பங்குக்குத் தெரியாது.

தோனி கணக்கு: பாசத்துக்கும் ஒரு பட்ஜெட்

நம்ம ஊர்ல தோனியைப் பத்திப் பேசாம அணியைப் பத்திப் பேச முடியாது. 2022-ல அவரைத் தக்கவெச்ச விலை 12 கோடி. 2025-க்கு 4 கோடிதான். சர்வதேச மேட்ச் ஆடி அஞ்சு வருஷம் தாண்டின இந்திய வீரரை 'அன்கேப்டு' பட்டியல்ல சேர்க்கலாம்னு விதி திரும்ப வந்தது, அதை நம்ம நிர்வாகம் பிடிச்சுக்கிச்சு. 120 கோடியில 4 கோடின்னா நூத்துக்கு மூணு ரூபாய் சொச்சம்.

எனக்கு இது தப்பாத் தெரியல. பாசத்துக்குன்னு ஒரு தொகையை ஒதுக்குறதுல என்ன தப்பு? அம்மாவுக்காக தி.நகர் கடையில கட்டுற நகைச்சீட்டு, தம்பி காலேஜ் ஃபீஸ், ஊர்த் திருவிழா வரி, இதையெல்லாம் ரிட்டர்ன் பார்த்தா பண்றோம்? தாராளமாப் பண்ணுங்க. ஆனா தொகையை முன்கூட்டியே எழுதி வைங்க, அதுக்கு மேல போகாதீங்க.

இதுல இன்னொரு விலையும் இருக்கு, அது பர்ஸ்ல தெரியாது. 2025 மார்ச் 28, சேப்பாக்கத்துல பெங்களூருக்கு எதிரா 197 இலக்கு. தோனி இறங்கினது அஸ்வினுக்கும் பிறகு, ஒன்பதாவது ஆளா. 16 பந்துல 30 நாட் அவுட். அரங்கம் அதிர்ந்தது, மேட்ச் 50 ரன்ல தோத்தாச்சு. 2008-க்குப் பிறகு பெங்களூர் சேப்பாக்கத்துல சிஎஸ்கேவை ஜெயிச்சது அன்னைக்குத்தான். பத்து ஓவர் முழுசா நின்னு ஆட அவர் முழங்கால் இடம் தராதுன்னு கோச் ஃபிளெமிங் ரெண்டு நாள்ல வெளிப்படையாச் சொன்னார். 4 கோடி சின்னத் தொகை. பதினொண்ணுல ஒரு இடம் சின்ன விஷயம் இல்ல.

உங்க கணக்குலயும் இப்படித்தான். மாசம் 4,000 ரூபாய் பெருசாத் தெரியாது. அந்த 4,000 எந்த வேலைக்கான இடத்தை அடைச்சிட்டு உட்கார்ந்திருக்குன்னு பாருங்க.

என் ஸ்டோக்ஸ்

இப்போ அந்த 96,000 ரூபாய் கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், அப்பாவோட நண்பர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு எண்டோமென்ட் பாலிசிக்குச் சொந்தக்காரன். வருஷம் 48,000, பதினஞ்சு வருஷம், கவரேஜ் 7 லட்சம். "டாக்ஸும் மிச்சம், சேமிப்பும் ஆச்சு"ன்னாங்க.

மூணு வருஷம் கட்டின பிறகுதான் உட்கார்ந்து படிச்சேன். இன்ஷூரன்ஸ்னு பார்த்தா என் ரெண்டு வருஷ சம்பளத்துக்குக்கூட வராது. சேமிப்புன்னு பார்த்தா பேங்க் டெபாசிட் அளவுக்குத்தான் வரும். ஆனா 1,44,000 கட்டியாச்சே! பாதியில விட்டா நஷ்டம்தானே? அப்படியே இன்னும் ரெண்டு வருஷம் கட்டினேன். அந்த ரெண்டு தவணைதான் 96,000. முதல் மூணு வருஷம் விவரம் தெரியாம போனது. இது தெரிஞ்சே போனது.

ஒரு நாள் கேள்வியை மாத்திக் கேட்டேன்: "இந்த பாலிசி என்கிட்ட இல்லன்னு வெச்சுக்குவோம். இன்னைக்கு யாராவது கொண்டுவந்தா வாங்குவேனா?" பதில் வர ஒரு நிமிஷம்கூட ஆகல.

அப்புறம் மூணு வேலையை இந்த வரிசையிலேயே செஞ்சேன். முதல்ல ஒரு டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்து, அது கைக்கு வந்ததை உறுதி பண்ணிக்கிட்டேன். ரெண்டாவது, பாலிசியை சரண்டர் பண்ணினா எவ்வளவு, பெய்ட்-அப் ஆக்கினா எவ்வளவுன்னு எழுத்துல கேட்டு வாங்கினேன். பெய்ட்-அப்னா இனிமே பிரீமியம் கட்ட வேண்டாம். கவரேஜ் கட்டின அளவுக்குக் குறையும், 15-க்கு 5 கட்டினதால என் 7 லட்சம் சுமார் 2.33 லட்சமாச்சு. முதிர்வுத் தொகை முடிவுலதான் வரும். எனக்குப் பெய்ட்-அப் சரியாப் பட்டது, உங்க கணக்குல சரண்டர் சரியா இருக்கலாம். மூணாவது, மிச்சமான மாச 4,000-ல டெர்ம் பிரீமியம் போக மீதியை எஸ்ஐபிக்கு மாத்தினேன்.

வரிசை முக்கியம். மாற்று கீப்பர் வர்றதுக்கு முன்னாடி இருக்கிற கீப்பரை அனுப்பக் கூடாது.

இன்னொண்ணு: 80சி கழிவுக்காகத்தான் இப்படிப் பாலிசி எடுத்தீங்கன்னா, நீங்க எந்த வரி முறையில இருக்கீங்கன்னு சம்பளப் பிரிவுல கேளுங்க. இப்போ தானா அமலாகுறது புது வரி முறை. அதுல அந்தக் கழிவே கிடையாது. வாங்கின காரணமே போயிருக்கலாம்.

ஜடேஜாவை அனுப்பினது சரியா?

2023 ஃபைனல்ல ரெண்டு பந்துக்கு 10 ரன் தேவை. சிக்ஸ், ஃபோர். அந்த ஜடேஜாவை 2025 நவம்பர்ல சாம் கரனோட சேர்த்து ராஜஸ்தானுக்குக் கொடுத்துட்டு, சஞ்சு சாம்சனை 18 கோடிக்கு வாங்கினாங்க. டிசம்பர் ஏலத்துல பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மான்னு சர்வதேச மேட்ச் ஆடாத ரெண்டு பேருக்கு ஆளுக்கு 14.20 கோடி. மயிலாப்பூர் டீக்கடையிலயும் அடையார் பஸ் ஸ்டாப்லயும் இதுக்கு இன்னும் தீர்ப்பு வரல.

என் பங்குக்கு ஒண்ணு சொல்றேன். 2025-ல நாம வரலாற்றுல முதல் தடவையா கடைசி இடம். அந்த சீசன்லயே நடுவுல மாற்று வீரரா வந்த 17 வயசு ஆயுஷ் மாத்ரே 7 மேட்ச்ல 240 ரன் எடுத்துக் காட்டினான். கடைசி இடத்துல நின்னுட்டு, "இதே ஆட்கள் இன்னும் மூணு வருஷத்துக்கு வேணுமா?"ன்னு கேட்டது சரியான கேள்வி. பதில் சரியான்னு ஆட்டம்தான் சொல்லும். ஆனா அந்த 14.20 கோடியும் இனிமே போன காசுதான். ரெண்டு பையன்களையும் விலைக்காக ஆட வைக்கவும் கூடாது, விலைக்காகத் திட்டவும் கூடாது.

இந்த ஞாயித்துக்கிழமை உங்க வேலை

ஒரு பேப்பர் எடுங்க. மாசாமாசம் உங்க சம்பளத்துல இருந்து போற எல்லாத்தையும் எழுதுங்க: இஎம்ஐ, பாலிசி, எஸ்ஐபி, சீட்டு, ஜிம், ஓடிடி, எல்லாம். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல மூணு பதில்:

1. இதோட வேலை என்ன?
2. அந்த வேலை இன்னும் இருக்கா?
3. இது என்கிட்ட இல்லன்னா, இன்னைக்கு இதே விலைக்கு வாங்குவேனா?

இதுவரைக்கும் எவ்வளவு கட்டினீங்கன்னு மட்டும் எழுதாதீங்க. அந்தக் கட்டமே வேண்டாம்.

மூணாவதுக்கு 'இல்ல'ன்னு வர்றதை ஒரே நாள்ல வெட்ட வேண்டாம். வெளியேற என்ன செலவு, அந்த இடத்துக்கு யார் வர்றாங்கன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. பாசத்துக்காக வெச்சிருக்கிறதுக்குப் பக்கத்துல 'தோனி'ன்னு எழுதி, ஒரு உச்சத் தொகை போடுங்க. ஒண்ணு போதும், ரெண்டு வரைக்கும் ஓகே. பதினொண்ணும் தோனியா இருந்தா பந்து போட ஆள் இருக்காது.

இந்தப் பட்டியலை எப்படிப் போடறதுன்னு அடுத்த வீடியோல ஒரு மாதிரி சம்பளத்தை வெச்சுக் காட்டுறேன். அதுக்குள்ள உங்க ஸ்டோக்ஸ் யாருன்னு கண்டுபிடிச்சு வைங்க.