லேசர் பிரிண்டரில் பில் மங்கலாக விழுகிறதா?



பில்லில் அடித்த 3 என்ற எண், வாங்கியவர் கண்ணுக்கு 8 ஆகத் தெரிந்தால் என்ன ஆகும்? அவர் ஒரு தொகையைக் கணக்கில் ஏற்றுவார். நாம் ரிட்டர்னில் வேறொன்றைக் காட்டியிருப்போம். இரண்டும் பொருந்தாதபோது அவருடைய வரி வரவு சிக்கலாகும். பழைய வாடிக்கையாளரின் மனக்கசப்பு நமக்கு மிஞ்சும்.

பில்களையும் கணக்குகளையும் 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவு. ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கெடு நாளிலிருந்து இதைக் கணக்கிட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின் விலைப்பட்டியலும் கட்டாயமாயிற்று. அதில் உள்ள கியூ.ஆர். கட்டம் திட்டுத்திட்டாக விழுந்தால் ஸ்கேன் ஆகாது. ஆகவே மங்கலான அச்சைச் சிறு தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

அச்சு மங்கியதும் நம்மில் பலர் செய்வது, புது கார்ட்ரிட்ஜ் வாங்குவது அல்லது மெக்கானிக்கை அழைப்பது. இரண்டும் செலவு. அதற்கு முன் கெட்டுப்போன பக்கத்தையே சற்று உற்றுப் பாருங்கள். கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் அதுவே காட்டிக் கொடுத்துவிடும்.

அச்சு எப்படி விழுகிறது?

கார்ட்ரிட்ஜுக்குள் டிரம் என்ற உருளை இருக்கிறது. அதன் மேல் முதலில் மின்னூட்டம் ஏறும். லேசர் ஒளி அதில் எழுத்துகளை வரையும். ஒளி பட்ட இடத்தில் டோனர் தூள் ஒட்டும். காகிதம் அடியில் செல்லும்போது இன்னொரு உருளை அந்தத் தூளை மின் ஈர்ப்பால் காகிதத்துக்கு இழுக்கும். கடைசியில் ஃப்யூசர் என்ற பகுதி, சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தூளை உருக்கிக் காகிதத்தோடு ஒட்ட வைக்கும். டோனர் என்பது திரவ மை அல்ல. நுண்ணிய பிளாஸ்டிக் தூள். கோளாறு இந்தப் படிகளில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும்.

பக்கம் சொல்லும் அடையாளங்கள்

1. பக்கம் முழுதும் வெளுப்பு: பிரிண்டரின் சொந்தச் சோதனைப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். எடுக்கும் முறை கையேட்டில் இருக்கும். அது கருப்பாக வந்தால் பிரிண்டரில் குறையில்லை. கணினியில் டோனர் சிக்கன முறை போடப்பட்டிருக்கலாம், அல்லது பில் மென்பொருள் எழுத்தைச் சாம்பல் நிறத்தில் அனுப்பலாம். சோதனைப் பக்கமும் வெளுத்தால் டோனர் தீர்கிறது என்று கொள்ளலாம். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, படுக்கை வாட்டத்தில் பக்கவாட்டாக ஐந்தாறு முறை மெதுவாக அசைத்துப் போட்டால் இன்னும் சில பக்கங்கள் ஓடும். அதற்குள் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

2. ஒரு பக்கம் மட்டும் வெளுப்பு: தூள் ஒருபுறமாக ஒதுங்கியிருக்கும். மேசை சாய்வாக இருக்கிறதா பாருங்கள். சமப்படுத்தி, மேலே சொன்னபடி அசைத்துப் போடுங்கள்.

3. மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு: வேறு கார்ட்ரிட்ஜைப் போட்டுப் பாருங்கள். கோடு மறைந்தால் பழைய கார்ட்ரிட்ஜில் குறை. மறையாவிட்டால் லேசர் ஒளி வரும் கண்ணாடியில் தூசி படிந்திருக்கலாம். அதை மெக்கானிக் துடைப்பதே நல்லது.

4. ஒரே அடையாளம் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப: ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 24 மி.மீ. விட்டமுள்ள டிரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 75 மி.மீ. உருளும். அந்த டிரம்மில் கீறல் விழுந்திருந்தால், 297 மி.மீ. நீளமுள்ள ஏ4 தாளில் மூன்று நான்கு இடங்களில் அதே புள்ளி விழும். இதை அசைப்பதாலோ துடைப்பதாலோ சரிசெய்ய முடியாது. டிரம்மை மாற்றத்தான் வேண்டும்.

5. விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறது: ஃப்யூசர் போதிய சூடு பெறவில்லை. குறைந்த மின்னழுத்தம், தடித்த காகிதம், ஈரக் காகிதம், பழுதான ஃப்யூசர் ஆகியவை காரணம். மின்சாரம் தடுமாறுகிறதே என்று லேசர் பிரிண்டரைச் சிறிய யு.பி.எஸ்.ஸில் இணைக்க வேண்டாம். ஃப்யூசர் சூடேறும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது.

6. அங்கங்கே திட்டுத்திட்டாக வெளுப்பு: முதல் சந்தேகம் காகிதத்தின் மேல்தான் விழவேண்டும்.

ஈரம் என்ற எதிரி

தருமபுரிக்கு மேலே வத்தல்மலையில் மூட்டம் இறங்கும் நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வரும் காப்பிக் கொட்டையையும் மிளகையும் சாமையையும் ஈரம் பார்க்காமல் நாம் எடை போடுவதில்லை. மழைக்காலத்தில் அப்பளக் கட்டைத் தரையில் வைப்பதில்லை. ஆனால் காகிதக் கட்டை மட்டும் உறை பிரித்து, சுவர் ஓரம் தரையில் போட்டுவிடுகிறோம்.

காகிதமும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஈரக் காகிதத்தில் மின்னூட்டம் நிற்காமல் கசிந்துவிடும். டிரம்மில் உள்ள தூள் முழுதாக இறங்காது. ஃப்யூசரின் வெப்பமும் ஈரத்தை ஆவியாக்குவதிலேயே ஒரு பகுதி போய்விடும். எனவே திட்டும் விழும், எழுத்தும் உதிரும், தாளும் சுருளும்.

புதிய கட்டிலிருந்து பத்துத் தாள் எடுத்து அடித்துப் பாருங்கள். அச்சு தெளிந்தால் கோளாறு காகிதத்தில்தான். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் தட்டில் வைத்து, மீதியை உறையோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, பலகை மேல் வையுங்கள்.

இன்னும் ஐயமா? ஒரு பக்கத்தை அச்சுக்கு அனுப்பி, தாள் பாதி போனதும் பிரிண்டரை நிறுத்திவிடுங்கள். கார்ட்ரிட்ஜை எடுத்து டிரம்மைப் பாருங்கள். டிரம்மில் எழுத்து கருப்பாக இருந்து தாளில் மட்டும் வெளுத்திருந்தால், காகிதமோ தூளை இழுக்கும் உருளையோ காரணம். டிரம்மிலேயே வெளுத்திருந்தால், கார்ட்ரிட்ஜோ லேசர் பகுதியோ காரணம். இதைச் செய்யும்போது டிரம்மின் மேல் கை படக்கூடாது. வெயில் வெளிச்சமும் படக்கூடாது. ஃப்யூசர் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள், சுட்டுவிடும்.

ரீஃபில் செய்வோர் கவனத்துக்கு

கடைகளில் பரவலாகப் புழங்கும் 12ஏ கார்ட்ரிட்ஜ் சுமார் 2,000 பக்கம் தரும் என்பது, பக்கத்தில் 5 சதவீத இடத்தில் மட்டும் அச்சு விழும் என்ற கணக்கில். கருப்புப் பட்டை, பெரிய சின்னம் எல்லாம் போட்டு 10 சதவீதம் ஆக்கினால் 1,000 பக்கத்தில் தீர்ந்துவிடும். பில் வடிவத்தை எளிமையாக்கினாலே சிக்கனம். ரீஃபில் செய்தால், கழிவுத் தூளை அகற்றிவிட்டு, அந்த மாடலுக்கு உரிய தூளை நிரப்பச் சொல்லுங்கள். கழிவு நிரம்பி வழிந்தால் பில் அழுக்காகும். துணியில் தூள் கொட்டினால் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் படிந்துவிடும்.

மெக்கானிக்கை அழைக்கும் நிலை வந்தாலும், கெட்ட பக்கங்கள் இரண்டையும் சோதனைப் பக்கத்தையும் எடுத்து வைத்திருங்கள். "மங்கலாக வருகிறது" என்று மட்டும் சொல்வதைவிட, "75 மி.மீ.க்கு ஒரு புள்ளி விழுகிறது" என்று சொன்னால், தேவையில்லாத பாகத்தை மாற்றும் செலவு நமக்கு மிச்சம்.