உங்களுக்குத் தெரியுமா? ஒரு கம்பளிக்கு எத்தனை ஆடு!

தக்காணத்துக் கறுப்பு ஆடு ஒன்றிடம் ஆண்டு முழுக்கக் கத்தரித்தாலும் ஒரு கிலோ மயிர்கூடத் தேறாது. ஒரு கம்பளிக்கே பல ஆடுகளின் மயிர் வேண்டும். சின்ன மந்தைக்காரர் தனியாக என்ன செய்வார்? அதனால்தான் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டம், சள்ளகெரெ பகுதியில் ஆடு வளர்க்கும் குருபர் சமூகத்தார் கூட்டாகவே கம்பளி நெசவுத் தொழிலை நடத்தி வந்தார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் அங்கே உருவாயின.

மயிரை வில்லால் அடித்துப் பஞ்சாக்குவார்கள். பெண்கள் ராட்டையில் நூற்பார்கள். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு, குழித்தறியில் நெய்வார்கள். கம்பளி முதலில் தொட்டால் சொரசொரவென்று விறைத்து நிற்கும். புழங்கப் புழங்க மெதுவாகும். சாயமே கிடையாது, ஆட்டின் கறுப்புதான் அதன் நிறம். குளிருக்குப் போர்வை, தூறலுக்குக் குடை, கல்யாணத்துக்கு ஆசனம், எல்லாம் அதுவே.

இன்று இறைச்சிக்காக கம்பளி மயிர் தராத நெல்லூர் கிடாக்களோடு கலந்ததில் தக்காணி இனமே மெலிந்துவருகிறது. மலிவான ஆலைப் போர்வையும் சந்தையைப் பிடித்துவிட்டது. அடுத்த முறை போர்வை வாங்கும்போது, கைத்தறிக் கம்பளி கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.