சிறுமூளை: நடைக்கு மட்டுமன்று, நினைப்புக்கும்

பிடரிக்கு மேலே, மண்டையோட்டின் பின்புறத்தில் அமைந்த சிறுமூளை, மூளையின் எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடே ஆயினும், அதன் நியூரான்களில், அதாவது நரம்புச் செல்களில், ஏறத்தாழ 80 விழுக்காட்டைக் கொண்டுள்ளது. திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளி சாவியின் பல்லை அரத்தால் ராவும்போது, கையின் அழுத்தத்தையும் வேகத்தையும் இழுப்புக்கு இழுப்பு திருத்துவதில் இவ்வுறுப்புக்குப் பெரும் பங்குண்டு; அப்பணியே வெளிப்படையாகத் தெரிந்ததால், இது உடலசைவுக்கு மட்டுமே உரியதென நெடுங்காலம் கருதப்பட்டது. திட்டமிடல், சொல்லைத் தேடியெடுத்தல், உணர்ச்சியைக் கட்டுப்படுத்தல் ஆகியனவும் சிறுமூளைப் பாதிப்பால் குலைவதை 1998இல் ஜெரமி ஷ்மாமன், ஜேனட் ஷெர்மன் ஆகிய ஆய்வாளர்கள் விளக்கினர். சிறுமூளைப் பாதிப்பால் வரக்கூடிய, அட்டாக்சியா எனப்படும் தள்ளாட்ட நோயின் பரம்பரை வகைகளுள் ஒன்றான எஸ்.சி.ஏ.1 தமிழகக் குடும்பங்கள் சிலவற்றிலும் கண்டறியப்பட்டுள்ளது. திடீர்த் தள்ளாட்டமும் நாக்குழறலும் சிறுமூளைப் பக்கவாதத்தின் அறிகுறிகளாக இருக்கக்கூடும் என்பதால், அவை தோன்றியவுடன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.