மெய்நிகர் பிணைய இயக்கியின் துயிலும் விழிப்பும்

ஒரு கணினிக்குள் மற்றொரு கணினியை மென்பொருளாலேயே அமைத்து இயக்குவது இன்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கணினி பயிலும் மாணவர்க்குப் புதிதன்று. அந்த மெய்நிகர் கணினியில் கம்பி செருகும் பிணைய அட்டை இராது. புறத்தே உள்ள மென்பொருள் அட்டையாக நடிக்க, உள்ளிருக்கும் இயக்கி அதனுடன் பேசும். லினக்ஸில் இப்பேச்சுக்கு விர்ட்டியோ என்னும் முறை பயன்படுகிறது. ஆஸ்திரேலியர் ரஸ்டி ரஸ்ஸல் வகுத்த இம்முறை 2008 சனவரியில் வந்த 2.6.24 பதிப்பில் இடம்பெற்றது. ஆழ்துயிலுக்கான ஆதரவு 2012 மார்ச்சில், 3.3 பதிப்பில்தான் வந்தது.

இத்தாமதத்தின் காரணத்தை நாம் ஊகிக்கலாம். இயக்கி, வரப்போகும் பொதிகளுக்காக வெற்று இடங்களை நினைவகத்தில் முன்னரே ஒதுக்கி, அவற்றின் முகவரிகளை அட்டையிடம் கொடுத்துவிடுகிறது. பொதி வந்ததும் அட்டை யாரையும் கேளாமல் அங்கே எழுதும். ஆழ்துயிலிலோ நினைவகம் முழுவதும் வட்டில் பதிக்கப்பட்டு, மெய்நிகர் கணினி அணைந்துவிடுகிறது. விழிக்கும்போது உள்ளிருக்கும் இயக்கிக்குப் பழைய உடன்பாடு நினைவிருக்கும். புதிதாய்ப் பிறந்த அட்டைக்கு எதுவும் தெரியாது. 'துயில்' என்ற நம் கலைச்சொல் இனிமையானதே. ஆயினும், விழிப்பவர் இருவருள் ஒருவர் மட்டுமே நினைவோடு எழுகிறார் என்பதை அது மறைத்துவிடுகிறது.

ஆகவே இயக்கி பழையதைக் காக்க முயல்வதில்லை, முறையாகக் கலைத்துவிடுகிறது. கிள்ளான் துறைமுகத் தடத்தில் தண்டவாளத்தைக் கழற்றுவதாயின், முதலில் கைகாட்டியை அடைத்து, உள்ளே நுழைந்த வண்டி வெளியேறும்வரை காத்திருப்பார்கள் அல்லவா? இங்கும் அதே ஒழுங்குதான். இணைப்பு நிலை மாற்ற அறிவிப்புகள் நிறுத்தப்படும். மேலடுக்கிலிருந்து புதிய பொதிகள் வாராமல் தடுக்கப்படும். பெறும் பணி ஓயும். அதன்பின் அட்டை மீளமைக்கப்படும். அதற்கும் பின்னரே ஒதுக்கிய இடங்கள் விடுவிக்கப்பட்டு, வரிசைகள் அழிக்கப்படும்.

கடைசி இரண்டும் இடம் மாறினால் கேடு. விடுவித்த இடம் அதற்குள் ஒரு மாணவரின் கட்டுரைக்குச் சொந்தமாகியிருக்கலாம். அட்டை அதன்மேல் ஒரு பொதியை எழுதிவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. வழியில் பொதி தொலைந்தால் டிசிபி மீண்டும் அனுப்பும். கெட்ட நினைவகத்தை மீட்பார் இல்லை.

விழிப்பில் மீண்டும் மீளமைப்பு, பண்புகளைப் பற்றிய புதிய உடன்பாடு, புதிய வரிசைகள், 'ஆயத்தம்' என்னும் அறிவிப்பு, வெற்று இடங்களை நிரப்புதல் ஆகியன நிகழும். மேலடுக்குக்குக் கதவு திறப்பது இறுதியில்தான்.

புறக்கணினியிலிருந்து இடைநிறுத்துவது வேறு. அதனை இயக்கி அறிவதே இல்லை. எனவே ஆய்வகத்தில் சோதிக்கும் ஆசிரியர்கள், மெய்நிகர் கணினியின் உள்ளிருந்தே ஆழ்துயிலுக்கு ஆணையிட வேண்டும். அதற்குமுன் பிங் கட்டளையை ஓடவிட்டால், விழித்தபின் மறுமொழிகள் தொடர்கின்றனவா என்று மாணவர்களே கண்டுகொள்வார்கள்.