புது காரும் காய்ந்த துணியும்

புது காருக்குச் சந்தனம், குங்குமம் வெச்சுப் பூஜை போட்டாச்சு. தினமும் காலையில் காய்ந்த துணியால் அதைத் துடைக்கிறீங்களா, நேயர்களே? கொஞ்சம் பொறுங்க!

காரின் நிறத்துக்கு மேலே, கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கு. 'கிளியர் கோட்'னு சொல்வாங்க. பளபளப்பே அதுதான். ஆனா அதன் தடிமன், ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவுதான்! தெருப்புழுதியில் இருக்கிற மணல் அதைவிடக் கடினமானது. காய்ந்த துணி அந்த மணலை இழுத்துக்கிட்டே போகும்போது, நுண்ணிய கீறல் விழும். வெயிலில் பாருங்க, சிலந்தி வலை மாதிரி தெரியும். ஆசையாத் துடைச்ச கையே கீறினா மனசு வலிக்காதா?

அதனால் முதலில் நிறைய தண்ணீர் விட்டுப் புழுதியைக் கழுவுங்க. அப்புறமா நிழலில் நிறுத்தி, மென்மையான துணியால் துடைங்க. துணி தரையில் விழுந்துட்டா, அலசாம மட்டும் காரில் வைக்காதீங்க!